பென்ரோஸ் ஹோட்டலில் வீட்டு நியூஸ்

பிப்ரவரி 9, ஞாயிறு

இந்த மனுஷன் என்னை ஏமாற்றியிருக்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்காக. இன்று காலை எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து, அந்த வாசலில் போய் நின்றபோதுதான் எனக்கு அது தெரிந்தது.

இவர் நூல் மில்லில் விற்பனைப் பிரிவில் இருந்தவர். ரிட்டயர் ஆகும்வரை மாதம் தவறாமல் மெட்ராஸ் போவார். எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால், "திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு பழைய கட்டடம். கம்பெனியில போட்டுக் குடுத்துருக்காங்க" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். மூட்டைப்பூச்சி மொய்க்கிற லாட்ஜாக இருக்கும் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் பெட்டியில் போர்வையும் பூச்சி மருந்தும் வைத்து அனுப்பினேன். கோவில்பட்டியில் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றுகொண்டு, பாவம், அங்கே கொசுக்கடியில் கிடப்பாரே என்று உருகியிருக்கிறேன்.

பழைய கட்டடம்தான். வெள்ளைக்காரன் காலத்து பென்ரோஸ் ஹோட்டல். ஒவ்வொரு தூணையும் இரண்டு பேர் சேர்ந்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். தரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்குக் கட்டம். கம்பிக் கதவு போட்ட லிஃப்ட், அதைச் சுற்றி வளைந்து வளைந்து போகிற மரப்படி. மேலே தொங்குகிற கண்ணாடி விளக்கை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. குளியலறைத் தொட்டியில் ஓர் எருமை தாராளமாகப் படுக்கலாம். இந்தத் தொட்டியில் படுத்துவிட்டு வந்துதான் நம் வீட்டில் "வெந்நீர் காஞ்சிருச்சா?" என்று கேட்டாராக்கும்!

அது போகட்டும். வாசலில் தலைப்பாகை கட்டிய ஆள் இவரைப் பார்த்ததும் "ஆவுடை சார்!" என்று கையைப் பிடித்துக்கொண்டான். ரிசப்ஷனிலிருந்து ஒரு பொம்பளை ஓடியே வந்தாள். என் வயதுதான் இருக்கும். குட்டை முடி, சின்ன வெள்ளிச் சிலுவை, கசங்காத நீலப் புடவை. ஜெசிந்தாவாம். முன்பு டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாளாம், இப்போது விருந்தினரைக் கவனிக்கிற வேலையாம். நன்றாகவே கவனிக்கிறாள்.

"எவ்ளோ வருஷம் ஆச்சு சார்! குரலே மாறிடுச்சே!" என்றவள் என் பக்கம் திரும்பி, "நீங்கதானே பிரமு மேடம்?" என்றாள்.

என் பெயர் பிரம்மசக்தி. பிரமு என்று கூப்பிட்டது என் அப்பா ஒருவர்தான். அவர் போன பிறகு அந்தப் பெயரும் போய்விட்டது. இவர் என்னை "இந்தா" என்பார். அவசரம் என்றால் "இந்தா, இந்தா" என்பார். அப்பா வைத்த செல்லப் பெயர் இந்தக் குட்டை முடிக்காரிக்கு எப்படிப் போனது?

இவர் சிரித்தார். தொண்டை கட்டிப்போன அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. எனக்குக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை, அவளுக்குக் கிடைத்தது.

சாயங்காலம் இவருடைய கைக்குட்டைகளைத் துவைத்து பால்கனியில் காயப்போட்டேன். எதிரே மேன்ஷன் மாடிகளில் பிரம்மச்சாரிப் பையன்களின் பனியன் வரிசை. கீழே ஆட்டோ, பிரியாணிக் கடை, பள்ளிவாசல் பாங்கு, பூக்காரி கூவல். ஊர் தூங்காது போல.

வந்த காரியத்தை எழுத மறந்துவிட்டேன். தொண்டையில் ஒரு சின்ன ஆபரேஷன். வெள்ளிக்கிழமை.

பிப்ரவரி 10, திங்கள்

ஆஸ்பத்திரியில் ரத்தம், எக்ஸ்ரே, இன்னும் என்னென்னமோ எடுத்தார்கள். காத்திருந்த இடத்தில் எங்கள் எதிரே ஓர் ஆள் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசும்போது ஒரு கருவியைத் தொண்டையில் வைத்தார். வந்த சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. இவர் அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையில் இல்லாத எதையோ தேடினேன்.

டாக்டர் மறுபடியும் சொன்னார். உயிருக்குப் பயமில்லை. குரல்வளையை எடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இவருக்குக் குரல் இருக்காது.

எழுதிவிட்டேன். போதும்.

மதியம் ஹோட்டல் சாப்பாட்டு ஹாலில் இன்னொரு கூத்து. பரிமாற வந்தவர் மொய்தீன் பாய். நரைத்த தாடி, வெள்ளைக் கோட்டு. இலை போடுகிற மாதிரி பீங்கான் தட்டைப் பதவிசாக வைத்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. எனக்கு ரொம்ப நாளா ஒரு டவுட்டு. மாவு டின்ல விழுந்துச்சே ஒரு பூனை, அது அப்பால குட்டி போட்டுச்சா இல்லியா?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"வெள்ளை வெளேர்னு அது வெளிய வந்ததைப் பாத்து உங்க மாமியார் பேய்னு நினைச்சு சாமி ரூம்ல பூட்டிக்கிட்டாங்களாமே! அதோட சார் ஊருக்குப் போயிட்டாரு. அடுத்த தபா வந்தப்ப, பக்கத்து வீட்டம்மா முருங்கை மரச் சண்டை ஆரம்பிச்சிடுச்சு. பூனை அப்படியே நின்னு போச்சு."

பக்கத்து மேஜை துடைத்துக்கொண்டிருந்தவரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்! முருங்கை மரச் சண்டை அந்த ஆளுக்கும் தெரியுமாம். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா, என் வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளையிலிருந்து நான் காய் பறித்தேன் என்று தெருவைக் கூட்டினாளே, அதற்கு நான் கொடுத்த பதிலை அப்படியே வரி பிசகாமல் ஒப்பித்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இவர் மெட்ராஸில் இருக்கும்போது ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டுக்குப் போன் போடுவார். போட்டுவிட்டுப் பேச மாட்டார். நான்தான் பேசுவேன். பால்காரன், கேஸ்காரன், மாமியார், பையன், பூனை எல்லாவற்றையும் நான் கொட்டிக்கொண்டே இருப்பேன். அந்தப் பக்கம் "ம்". மறுபடியும் "ம்". தூங்கிவிட்டீர்களா என்று கேட்டாலும் "ம்". சுவரோடு பேசினாலாவது எதிரொலி வரும் என்று எத்தனை தடவை போனை வைத்திருக்கிறேன்!

அந்தப் பேச்சையெல்லாம் இங்கே கொண்டுவந்து கடை விரித்திருக்கிறார். அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள்: 'வீட்டு நியூஸ்'.

ரூமுக்கு வந்ததும் பிடித்தேன். "வீட்டுச் சங்கதியெல்லாம் ஊரான்கிட்டச் சொல்லிச் சிரிச்சீகளோ? நான் என்ன உங்களுக்குக் கோமாளியா?"

"ம்" என்றார்.

"என்ன ம்?"

ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். இன்னும் நாலு நாள்தான் குரல் இருக்கிறது. அதிலும் எனக்கு "ம்" தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஆஸ்பத்திரி இல்லாத நாள். பேப்பர் வாங்கப் போகிறேன் என்று காலையில் கீழே போனவர் வரவே இல்லை. இட்லிப் பொடிக்கு எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பிறகு படிக்கட்டுத் திருப்பத்தில் வந்து, கைப்பிடி ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன்.

பேசிக்கொண்டிருந்தார்! இவரா? கையை ஆட்டுகிறார், கண்ணை உருட்டுகிறார், இடுப்பில் கை வைத்து யாரையோ நடித்துக் காட்டுகிறார். அந்தக் கட்டிப்போன குரலை வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசுகிறார். தலைப்பாகைக்காரன் தூணில் சாய்ந்து சிரிக்கிறான். மொய்தீன் பாய் ட்ரேயை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். ஜெசிந்தா மேஜையில் முழங்கை ஊன்றி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சினிமாவுக்கு டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவள் மாதிரி.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன், எரிந்தது. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம். என் முன்னால் ஒரு நாளாவது கையை ஆட்டிப் பேசியிருப்பாரா? குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லித் தட்டைத் தள்ளுகிற மனுஷன்.

மத்தியானம் இவர் கண்ணயர்ந்ததும் என் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்கு வருகிறவள் பட்டு எதற்கு எடுத்துவந்தாய் என்று ரயிலில் கேட்டார். எதற்கோ இன்று உதவியது. கீழே போனேன்.

"ஜெசிந்தா, ஒரு விஷயம். டாக்டர் போன் பண்ணாரு. இவுக இனிமே ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். பேசுனா ஆபரேஷனுக்குக் கெடுதலாம். நீங்க எல்லாரும் இவுகளைப் பேச விடாதீக."

அவள் முகம் சுண்டிப்போனது. "ஐயோ, நாங்கதான் காலைல பேச வெச்சிட்டோமே மேடம்!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

எந்த டாக்டரும் போன் பண்ணவில்லை. பண்ணாவிட்டால்தான் என்ன? இங்கே கொட்டுகிற பேச்சை அடைத்துவிட்டால், மிச்சமிருக்கிறது ரூமுக்குத்தானே வந்தாக வேண்டும்! மாடிப்படி ஏறும்போது பட்டுப் புடவை சரசரவென்றது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிப்ரவரி 12, புதன்

வரவில்லை.

காலையில் இவர் வழக்கம்போலக் கீழே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினார்.

டிபனுக்குப் போனபோது பார்த்தேன். தலைப்பாகைக்காரன் சலாம் போட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டான். மொய்தீன் பாய் இவரைப் பார்த்து, விரலால் வட்டம் போட்டு இட்லியா என்றும், நீளமாகக் கையை விரித்துத் தோசையா என்றும் ஜாடை காட்டினார். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், "வேணாம் சார், வேணாம்" என்று பதறினார். ஜெசிந்தா தூரத்திலிருந்தே உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ரூமுக்கு வந்ததும் இவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்க மாட்டாங்க போலிருக்கு. இப்பவே என்னை ஊமையாக்கிட்டாங்க."

இரண்டு நாளில் என்னிடம் இவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் என்ன செய்தேன்? ஃபிளாஸ்க்கைக் கழுவினேன். கழுவின ஃபிளாஸ்க்கை மறுபடியும் கழுவினேன்.

பிறகு நானே பேச ஆரம்பித்தேன். பையன் முத்தையா வெள்ளிக்கிழமை காலை துபாயிலிருந்து வந்துவிடுவான், அவனுக்கு ஆஸ்பத்திரி வழி தெரியுமா, தெரியாவிட்டால் யாரைக் கேட்பான், வீட்டில் மோட்டாரை நிறுத்தினோமா, பாப்பாத்தியக்கா செடிக்குத் தண்ணீர் விடுவாளா இல்லை முருங்கைக்காய்க் கணக்கைத் தீர்த்துக்கொள்வாளா. இவர் ரோட்டைப் பார்த்தபடியே "ம்" போட்டார். நான் அடைத்த பேச்சு எங்கேயும் போகவில்லை. உள்ளுக்குள்ளேயே வற்றிக்கொண்டிருந்தது. இருக்கிற கொஞ்ச நாள் குரலையும் நான் பாழாக்குகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஜெசிந்தாவைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. "டாக்டர் மறுபடியும் போன் பண்ணாரு. இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல பேசலாமாம்" என்றேன்.

"நல்ல டாக்டர் மேடம்" என்றாள். சிரித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. காபி வரவழைத்தாள். குடிக்காமல் எழுந்து வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கேட்டே விட்டேன்.

"உங்ககிட்ட மட்டும் இவுக எப்படி இப்படிப் பேசுதாக?"

"எங்ககிட்ட எங்க மேடம் பேசினார்? உங்களைப் பத்தித்தான் பேசினார். அப்போ எக்ஸ்சேஞ்ச்ல நான்தான் கோவில்பட்டி லைன் போட்டுத் தருவேன். பேசி முடிச்சதும் சார் படி இறங்கி வருவார். அந்த நேரத்துக்கு டூட்டி முடிஞ்சவங்களும் வீட்டுக்குப் போகாம நிப்பாங்க. 'இன்னைக்கு எங்க பிரமு என்ன செஞ்சா தெரியுமா'ன்னுதான் ஆரம்பிப்பார். உங்க நடை, நீங்க புருவம் தூக்கறது, எல்லாம் நடிச்சுக் காட்டுவார். 'என் வீட்டுக்காரி பேச ஆரம்பிச்சா ரேடியோக்காரன் வேலையை விட்டுட்டுப் போகணும்'பார்."

"என்கிட்ட வெறும் 'ம்' தான் சொல்லுவாக" என்றேன்.

"'ம்'மா? எங்ககிட்ட சார் ஒரு நாளும் 'ம்' சொன்னதில்லையே!" என்று ஆச்சரியப்பட்டாள். பிறகு கப்பைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்களைப் பாக்காமலே எனக்கு உங்க மேல பொறாமை மேடம். நான் வீட்டுக்குப் போனா கதவைத் திறக்கவே ஆள் இல்ல."

இதைக் கேட்டு என் மனசு குளிர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். இன்னும் அதிகமாகத்தான் எரிந்தது. என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் என்னுடையது இல்லையா? பட்டியல் போட்டுப் பாராட்டியிருக்கிறார், நடித்திருக்கிறார், பிரமு பிரமு என்று வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறார். அத்தனையும் சலாம் போடுகிறவனுக்கும் சாம்பார் ஊற்றுகிறவருக்கும் போய்விட்டது. எனக்கு ஒரு சொட்டு இல்லை. நாளை சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

எனக்கு அது வேண்டும். எப்படியாவது வேண்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

பெட்டி கட்டியாகிவிட்டது. இவருக்கு நாலு வேட்டி, துண்டு, முன்பக்கம் பொத்தான் போட்ட சட்டைகள். சுவாமி படம். இந்த டைரி.

மதியச் சாப்பாட்டின்போது மொய்தீன் பாய் மறுபடியும் வாயைத் திறந்தார், இவரும் திறந்தார். பூனை குட்டி போட்ட கதையை இன்று முடித்து வைத்தார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் நடிக்கவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிட்டு மோர் கேட்டார். நான் இருந்தால் வராது. அதுதான் சங்கதி. என் முகத்தைப் பார்த்தால் இவருக்குப் பேச்சு வராது, யாரோ ஒருவர் கேட்டால் வரும்.

சாப்பிட்டு ரூமுக்கு வந்ததும், "பூ வாங்கிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஹாலில் நாளைக்குக் காதலர் தினம் என்று சிவப்பு பலூன் கட்டிக்கொண்டிருந்தார்கள். இதய வடிவ பலூன், கருமம். படிக்கட்டுக்கு அடியில், ரூமுக்குப் பேசுகிற கறுப்பு டெலிபோன் இருக்கிறது. அதற்கு மேலேயும் இரண்டைக் கட்டியிருந்தார்கள். ஜெசிந்தாவிடம் போனேன்.

"எங்க ரூமுக்கு லைன் போட்டுக் குடு. நான்னு சொல்லாதே."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. போட்டுக் கொடுத்துவிட்டு, பலூன் கட்டுகிறவர்களை வாசல் பக்கம் அனுப்பிவிட்டுத் தானும் போய்விட்டாள். அதற்காக அவளுக்கு ஒரு புண்ணியம் எழுதி வைக்கிறேன்.

"ஹலோ, ரிசப்ஷன்லேருந்து பேசுறோம் சார்" என்றேன். ஜெசிந்தா மாதிரி குழைந்து பேசப் பார்த்தேன். கோவில்பட்டித் தொண்டை குழையவா செய்யும்?

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. கண்டுபிடித்துவிட்டார். வெட்கமாக இருந்தது, வைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

"சொல்லும்மா" என்றார்.

"இன்னைக்கு வீட்டு நியூஸ் ஒண்ணும் சொல்லலியே சார். எல்லாரும் கீழ காத்துக்கிட்டிருக்கோம்."

"அப்படியா?" தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னைக்குப் பெரிய நியூஸும்மா. நம்ம பிரமு இருக்காள்ல…"

என் காதுக்குள் நேராக அந்தப் பெயர் வந்தது. அப்பாவுக்குப் பிறகு முதல் தடவை.

"அவ ஒரு கூத்துப் பண்ணிட்டா. ஹோட்டல்ல ஒருத்தர் விடாம போயி, எங்க வீட்டுக்காரர் பேசக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு போட்டுட்டாருன்னு சொல்லிட்டா. டாக்டர் என்கிட்டச் சொன்னது என்னன்னா, முடியுற மட்டும் நல்லாப் பேசிக்கோங்கன்னு. இது தெரியாம மொய்தீன் பாய் எனக்கு ஜாடை காட்டுதாரு. நானும் பதிலுக்கு ஜாடை காட்டுதேன். சட்னி கேட்டா வடை வருது, தண்ணி கேட்டா பாயசம் வருது."

சிரித்தார். இருமல் வந்தது. இருமி முடித்து மறுபடியும் சிரித்தார்.

"ஏன் அப்படிச் செஞ்சா தெரியுமா? பொறாமை! சுத்தமான வயித்தெரிச்சல். படிக்கட்டுல நின்னு எட்டிப் பாக்கா. நான் பாக்கலன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. பட்டுப் புடவை கட்டிக்கிட்டு இறங்கிப் போறா, நான் தூங்குறதா அவளுக்கு நினைப்பு. எனக்குத் தலையில முடி இல்ல. பாதிப் பல்லு கட்டுன பல்லு. தொண்டையில இப்படி ஒண்ணு. இந்த லட்சணத்துல இருக்கிறவனை எவளாவது தட்டிக்கிட்டுப் போயிருவாளோன்னு ஒருத்தி பயப்படுதா பாரும்மா! எங்க மில் முதலாளிக்கு இருக்குமா இந்தக் குடுப்பினை?"

நான் ஏதோ சொல்ல வேண்டும். ரிசப்ஷன் மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும். "ம்" என்றேன்.

"இந்த மெட்ராஸ் வேலை எனக்குப் பிடிச்சதே இல்லம்மா. பகல் முழுக்கக் கடை கடையா ஏறி இறங்கி, ஆர்டர் கிடைக்காம வருவேன். அப்புறம் போனைப் போடுவேன். அவ பேச ஆரம்பிப்பா. நடுவுல நான் வாயத் தொறந்தா எங்க நிறுத்திருவாளோன்னு பயம். அதனால 'ம்' போட்டுக்கிட்டே இருப்பேன்."

"ம்."

"நாளையிலருந்து ரெண்டு பேருக்கும் சேத்து அவதான் பேசணும். அவளுக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல."

"ம்."

"இதையெல்லாம் அவகிட்டச் சொல்லிராத. தலகால் தெரியாம ஆடுவா."

"ம்."

"சரி, அவ பூ வாங்கப் போயிருக்கா. வந்தா சீக்கிரம் மேல வரச் சொல்லு. நேரமாச்சு."

வைத்துவிட்டார். நானும் வைத்தேன். முப்பத்தைந்து வருஷமாக அந்த "ம்"மைத் திட்டாத நாள் இல்லை. இன்று எனக்கு வேறு எதுவுமே வாயில் வரவில்லை.

வெளியே போய் இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு மேலே போனேன். "ரிசப்ஷன்ல சீக்கிரம் வரச் சொன்னாக" என்றேன். "ம்" என்றார். பெட்டியை இவர் தூக்கப் போனார், நான் பிடுங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

முத்தையா வந்துவிட்டான்.

ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என்னிடம் கடைசியாக ஏதாவது சொல்வார் என்று கூடவே ஓடினேன். கதவருகே தள்ளுவண்டிச் சக்கரம் அந்த ஊழியர் காலுக்குப் பக்கத்தில் உரசிக்கொண்டு போனது. இவர் தலையைத் தூக்கி, "பாத்துப்பா, கால் கால்" என்றார். கதவு மூடிவிட்டது.

ஆண்டவன் கொடுத்த குரலில் இவர் பேசின கடைசிப் பேச்சு அது. பெயர் தெரியாத ஒரு ஆளிடம். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

பிப்ரவரி 15, சனி

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தூங்குகிறார்.

பிப்ரவரி 17, திங்கள்

ஊருக்குப் போனதும் தையற்காரரிடம் சொல்லி இவர் சட்டைக் காலரையெல்லாம் தளர்த்த வேண்டும். கழுத்தில் கட்ட மெல்லிய பருத்தித் துணி. வெள்ளை வேண்டாம், இவருக்கு நீலம் நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 20, வியாழன்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மூக்கில் குழாய், கழுத்தில் கட்டு. எழுதிக் காட்ட ஒரு பலகை கொடுத்திருக்கிறார்கள். எழுதினது ஒரே தடவைதான்: "நீ சாப்பிட்டியா?" அழித்துவிட்டார்கள். நான் அழிக்கவில்லை, நர்ஸ் அழித்துவிட்டாள்.

சாயங்காலம் மொய்தீன் பாயும் ஜெசிந்தாவும் வந்தார்கள். இவருக்கு வாய் வழியாக எதுவும் கூடாது என்று தெரிந்து, எனக்கு மட்டும் தயிர் சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு வந்திருந்தார் பாய். இரண்டு பேரும் இவரைப் பார்த்துவிட்டு என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றார்கள். அந்த மௌனத்தில் இவர் முகம் வாடுகிற மாதிரி இருந்தது.

"என்ன, வீட்டு நியூஸ் கேக்க மாட்டீகளா?" என்றேன்.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

ஆரம்பித்தேன். தியேட்டர் வாசலில் இவர் கடைசியாக யாரிடம் பேசினார் என்பதை எழுந்து நின்று நடித்துக் காட்டினேன். தலையைத் தூக்கி, கண்ணை உருட்டி, "பாத்துப்பா, கால் கால்!" "கட்டுன பொண்டாட்டி பின்னாலேயே ஓடியாறேன், எனக்கு ஒரு வார்த்தை இல்ல! அந்த ஆளோட கால் நல்லா இருக்கணுமாம்!" பாய் கோட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். பக்கத்துப் படுக்கைக்காரர் பெண்டாட்டி எழுந்து உட்கார்ந்து கேட்டாள். இவர் சத்தமே இல்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது.

ஜெசிந்தா கைக்குட்டையை எடுத்து இவர் கண்ணைத் துடைக்கக் குனிந்தாள். அந்தக் கைக்குட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். நானே துடைத்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்தாலும் எனக்குக் கவலை இல்லை.

அவர்கள் போன பிறகு தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே பேசினேன். பாப்பாத்தியக்கா போன் பண்ணினாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாளாம், முருங்கைக்காயும் பறித்துக்கொண்டாளாம். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் பழக்க தோஷத்தில் நிறுத்தினேன். அந்த இடத்தில் "ம்" வரும். வரவில்லை. இனி வராது.

கட்டில் கம்பியில் 'டொக்' என்று சத்தம் கேட்டது. இவர் விரலை மடக்கித் தட்டியிருக்கிறார். கண் மூடியபடிதான் இருந்தார்.

மேலே சொன்னேன். டொக். இன்னும் சொன்னேன். டொக்.

பென்ரோஸ் ஹோட்டலில் இருக்கிறவர்கள் கதையெல்லாம் வைத்துக்கொள்ளட்டும். இந்த "ம்" அவர்களில் ஒருத்தருக்கும் கிடைத்ததில்லை. எனக்கு மட்டும்தான்.